வசந்தவல்லியின் ஏக்கமும் சிங்கியின் உரிமையும்: தென்காசி வட்டாரக் காதற்பாடல் வரலாற்றில் ஒரு நோக்கு

காதற்பாடலின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் சங்க இலக்கியத்தில் தொடங்குவர். ஆழ்வார் பாசுரங்களையும் நாயன்மார் பதிகங்களையும் தொட்டுச் செல்வர். அங்கிருந்து ஒரே தாவலில் திரைப்படப் பாடலுக்கு வந்துவிடுவர். இடையில் கிடக்கும் சிற்றிலக்கியக் காலம் சரிவுக் காலம் என்று பெயரிடப்பட்டு ஒதுக்கப்படுகிறது. ஆயினும் இன்று நாம் காதற்பாடல் என்று எதனை அறிகின்றோமோ, அதாவது இசையோடு பாடப்படுவதும், மேடையில் ஆடப்படுவதும், எழுத்தறியாதார் நாவிலும் நிற்பதுமான பாடல், அந்தக் காலத்தில்தான் தன் உருவத்தைப் பெற்றது. அவ்வுருவம் திரண்ட இடங்களுள் தென்காசி–குற்றால வட்டாரத்துக்குத் தனியிடம் உண்டு.

ஏக்கம், இலட்சியக் காதல், விடுதலை ஆகிய மூன்றும் காதற்பாடலின் மூன்று இழைகள் எனலாம். இம்மூன்றும் பாடலில் ஒருவருக்கே கிடைக்கின்றனவா, அன்றி ஏங்குபவள் ஒருத்தியாகவும் விடுதலை உடையவள் வேறொருத்தியாகவும் பிரிந்து நிற்கின்றனரா? திருக்குற்றாலக் குறவஞ்சியை நடுவாக வைத்து, அதன் முன்னும் பின்னும் இவ்வட்டாரத்தில் எழுந்த பாடல்களையும் தழுவி, இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் புலவரும்

ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து குற்றாலத்தில் சாரலாகப் பொழிகிறது. சிற்றாறு பேரருவியாக விழுந்து, தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. முக்கூடற் பள்ளு பிறந்ததும் அச்சீவலப்பேரியிலேயே என்பது நினைக்கத்தக்கது. ஓர் ஆறு அருவியாய் விழும் இடத்தில் குறவஞ்சியும், பெரியாற்றோடு கூடும் இடத்தில் பள்ளும் தோன்றின. மலைவாணரின் வாழ்வு முன்னதற்கும் உழவரின் வாழ்வு பின்னதற்கும் பொருளாயின. அரசவைக்கு வெளியே வாழ்ந்த மக்களைப் பாட்டின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது இவ்விரு வகைகளின் பெருமையாகும்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அண்மையிலுள்ள மேலகரத்தில் பிறந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த அவர், குற்றாலநாதர் கோயிலின் புலவராக விளங்கித் தலபுராணம், மாலை, சிலேடை வெண்பா, யமக அந்தாதி, உலா, கோவை, பிள்ளைத்தமிழ் எனப் பல வகை நூல்களை அத்தலத்தின் மீதே பாடினார். அவற்றுள் பெரும்பாலானவை இன்று புலவர் உலகிற்கு மட்டுமே தெரிந்தவை. குறவஞ்சி ஒன்றே மக்கள் நாவில் நிலைத்தது. மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் (ஆட்சி 1706-1732) இந்நூலைப் பாராட்டிப் புலவர்க்கு நிலம் வழங்கினார் என்பதும், அந்நிலம் 'குறவஞ்சி மேடு' என்று பெயர் பெற்றது என்பதும் இவ்வட்டாரத்தார் நன்கறிந்த செய்திகளாகும். ஒரு காதற்பாட்டின் பெயர் நிலத்தின் பெயராய் நின்றது சிறிய செய்தியன்று.

பெயர் பெற்ற தலைவி

குறவஞ்சி வானத்திலிருந்து விழுந்த வகையன்று. அதன் வேர்கள் அகமரபில் உள்ளன. அன்பின் ஐந்திணையில் தலைவன் தலைவியரின் இயற்பெயர் சுட்டப்பெறாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. அவ்விதியால் சங்க அகப்பாடலில் ஏங்குபவள் எவளோ ஒருத்தி; எனவே எல்லாருக்கும் உரியவள். காதல் கடவுளர்க்கும் உரியதாகப் பாடப்படலாம் என்று அவரே புறத்திணையியலில் இடம் வைத்தார். பிற்காலத்துப் பக்திப் பாடலும் உலாவும் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டு வளர்ந்தன.

சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞான உலா தொடங்கி, உலா நூல்களில் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் பவனி வரும் தலைவனைக் கண்டு மயங்குவர். அம்மகளிர்க்குப் பருவம் உண்டு, பெயர் இல்லை. ஆண்டாளின் நாச்சியார் திருமொழி இதற்கு மாறானது. அங்கே ஏங்குபவளும் பாடுபவளும் ஒருவரே. காமனை நோற்பதும், கூடல் இழைப்பதும், குயிலையும் மேகத்தையும் தூதாக்குவதும் ஒரு பெண் தன் வாயால் கூறியவை. தென்காசிக்கு வடக்கே, இதே மலைத்தொடரின் அடிவாரத்திலமைந்த திருவில்லிபுத்தூரில் எழுந்த அக்குரல் பிற்காலப் புலவர்க்கெல்லாம் முன்மாதிரி ஆயிற்று.

திரிகூடராசப்பர் இவ்விரு மரபுகளையும் இணைத்தார். குற்றாலநாதரின் பவனி உலா மரபிற்கு உரியது. ஆனால் அப்பவனியைக் கண்ட மகளிர் கூட்டத்திலிருந்து ஒருத்தி தனித்து வெளிவருகிறாள். அவளுக்கு வசந்தவல்லி என்று பெயர் உண்டு. அவள் பந்தாடுகிறாள். அவள் உடலின் ஓட்டமும் பந்தின் துள்ளலும் சந்தத்தில் ஒன்றாகின்றன. காதல் வயப்படுமுன் அவளை மகிழ்ச்சியோடு விளையாடும் பெண்ணாகப் புலவர் காட்டுவது கருதத்தக்கது. அவள் எதை இழந்தாள் என்பது பந்தாட்டத்தைக் கண்ட நமக்குத்தான் தெரியும்.

ஏக்கத்தின் முறைமை

பவனியைக் கண்டபின் வசந்தவல்லியின் ஏக்கம் படிப்படியாக வளர்கிறது. தோழியர் பூசும் குளிர்ந்த சந்தனம் சுடுகிறது. நிலவைப் பழிக்கிறாள், மன்மதனோடு வழக்காடுகிறாள். தோழி காரணம் கேட்க, தன் மனத்தைச் சொல்லுகிறாள். தோழி அறிவுரை கூற, அதனை ஏலாமல் தூது செல்லுமாறு வேண்டுகிறாள். தலைவனை எப்பொழுது அணுகலாம், எப்பொழுது அணுகலாகாது என்று அவள் வழி கூறும்போது, கோயிலின் அன்றாட வழிபாட்டு நேரங்களே காதலின் கால அட்டவணையாகிவிடுகின்றன. தலைவனின் மாலையையாவது பெற்று வருமாறு கேட்கிறாள். பின்னர்க் கூடல் வளைத்துப் பார்க்கிறாள்.

இவையனைத்தும் மரபுவழிப்பட்டவை என்பர் திறனாய்வாளர். உண்மையே. எனினும் அம்மரபுக்குள் ஓர் அமைப்பு மறைந்து கிடக்கிறது. வசந்தவல்லி பேசுகிறாள், ஆனால் நகர்வதில்லை. நிலவு வானத்தில் நகர்கிறது, தலைவன் விடை மீது நகர்கிறான், தோழி தூதாக நகர்கிறாள். தலைவி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். ஏக்கம் என்பது நகர இயலாதவரின் மொழி என்பதை இக்காட்சி வரிசை சொல்லாமல் சொல்லுகிறது.

உலக இலக்கியத்தோடு ஒப்பிடுகையில் இது மேலும் தெளிவாகும். 12ஆம் நூற்றாண்டில் தென்பிரான்சில் துருபதூர் எனப்பட்ட இசைப்புலவர்கள் எட்டாத தலைவியை ஏங்கிப் பாடினர். அவர்களுள் ஜோஃப்ரே ருடெல் என்பார் தொலைவிலுள்ள காதலைப் பாடியமைக்காகவே அறியப்பட்டவர். அங்கே ஏங்குபவன் ஆண். எட்டாத உயரத்தில் இருப்பவள் பெண். தமிழ்ச் சிற்றிலக்கியத்தில் ஏங்குபவள் பெண்; எட்டாதவன் இறைவனோ அரசனோ ஆகிய ஆண். எட்டாத பொருளை இலட்சியமாக்குவதில் இருவரும் ஒன்றுபடினும், யாரை ஏங்க வைப்பது என்பதில் வேறுபடுகின்றனர். தமிழ் மரபில் அந்த ஏக்கத்தை எழுதிய கை பெரும்பாலும் ஆண் கை என்பதையும் மறத்தலாகாது. வெள்ளிவீதியாரையும் ஔவையாரையும் ஆண்டாளையும் பெற்ற மொழி, பின்னர்ப் பல நூற்றாண்டுகள் பெண்ணின் ஏக்கத்தை ஆண் புலவர் வாயிலாகவே கேட்டுக்கொண்டிருந்தது.

குறத்தியின் வருகை

நூலின் திருப்பம் குறத்தி வருகையில் நிகழ்கிறது. கூடையும் மாத்திரைக்கோலுமாக வரும் சிங்கி, தன் மலையின் வளத்தைப் பாடுகிறாள். குரங்குகள் தம் துணைக்குக் கனி கொடுத்துக் கொஞ்சுவதும், அருவித்திரை எழுந்து கதிரவனின் குதிரைகள் வழுக்குவதுமான அந்தக் காட்சிகள் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. அவற்றை வெறும் இயற்கை வருணனையாகப் பாடம் நடத்திவிட்டுச் செல்வது நம் வழக்கம். அவற்றைச் சொல்பவள் யார் என்பதை நோக்கினால் வேறொரு பொருள் கிடைக்கும். அந்த மலையில் விலங்கும் விண்ணவரும் மனிதரும் தத்தம் துணையோடு தடையின்றி உலவுகின்றனர். ஏங்கிக் கிடக்கும் ஒருத்தியின் முன்னே நின்று, ஏங்கத் தேவையில்லாத ஓர் உலகத்தை மற்றொருத்தி விரித்துக் காட்டுகிறாள். சங்க அகத்திணையில் மலைநிலமாகிய குறிஞ்சிக்குப் புணர்தல் உரிப்பொருளானது ஏன் என்பதற்குப் பிற்காலத்தில் கிடைத்த அழகிய விளக்கம் இப்பகுதியே என்று கூறத் தோன்றுகிறது.

குறி சொல்லும் மகளிர் சங்க காலத்திலேயே அகவன் மகளிர் எனப் போற்றப்பட்டனர். தலைவியின் நோய் எதனால் வந்தது என்று தாய் கட்டுவிச்சியைக் கேட்பதும் பழைய துறையே. பழந்துறையில் குறி கேட்பவள் தாய். மகளின் காதல் மறைக்கப்பட வேண்டிய செய்தி. குறவஞ்சியிலோ குறி கேட்பவள் தலைவியே. இடையில் தாய் இல்லை. இரு பெண்கள் நேருக்கு நேர் அமர்ந்து, ஒருத்தி கையை மற்றொருத்தி பற்றிக்கொண்டு பேசுகின்றனர். சிங்கி அவளது மனநோய்க்குக் காதல் என்று பெயரிடுகிறாள். வசந்தவல்லி சினங்கொள்வது போல் காட்டுகிறாள், பின் இசைகிறாள். சாதியாலும் செல்வத்தாலும் வேறுபட்ட இருவரிடையே இத்தகைய நெருக்கமான உரையாடல் அக்கால இலக்கியத்தில் அரிதாகவே காணப்படும்.

சிங்கன் கேட்ட கேள்விகள்

பரிசில் பெற்றுச் சென்ற சிங்கியைத் தேடிச் சிங்கன் வருகிறான். அவனும் நூவனும் வயல்களில் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கின்றனர். ஆனால் சிங்கனின் நினைவெல்லாம் சிங்கியிடத்தே. இங்கே ஏங்குபவன் ஆண். அதுவரை தலைவியின் நிலையை இரக்கச் சுவையோடு பாடிய புலவர், சிங்கனின் ஏக்கத்தை நகைச்சுவையோடு பாடுகிறார். உயர்குடித் தலைவியின் ஏக்கம் அழகுடையது, குறவனின் ஏக்கம் சிரிப்புக்குரியது என்னும் அக்காலப் பார்வை இதில் உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

இறுதியில் இருவரும் சந்திக்கின்றனர். தன்னிடம் சொல்லாமல் எங்கே சென்றாய் என்று சிங்கன் வினவ, குறி சொல்லச் சென்றேன் என்று சிங்கி விடையிறுக்கிறாள். அவள் உடலெங்கும் அணிகள். காலில் பாம்பு போல் கிடப்பது என்னவென்று அவன் அஞ்சிக் கேட்க, அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள். இவ்வாறு அணிக்கொரு வினாவும் விடையும் தொடர்கின்றன. மேடையில் நகைப்பை எழுப்புவதற்கென்றே அமைந்த பகுதி இது. ஆயினும் அதன் உட்பொருள் நகைப்பன்று. ஒரு பெண் கணவனிடம் சொல்லாமல் வெளியே சென்றிருக்கிறாள். நாடு பல கடந்து தன் தொழிலால் பொருள் ஈட்டியிருக்கிறாள். திரும்பி வந்து ஒவ்வொரு கேள்விக்கும் தலைகுனியாமல் விடை சொல்லுகிறாள். கேட்டவன் ஐயத்தில் தொடங்கி, வியப்பில் சென்று, அன்பில் முடிக்கிறான். ஐயத்துக்குத் தண்டனை இல்லாத, விடைக்கு மதிப்புள்ள உரையாடல் அது.

இனி நம் வினாவுக்குத் திரும்பலாம். இலட்சியக் காதலும் ஏக்கமும் வசந்தவல்லிக்கு உரியவை. உரிமையும் கூடிய காதலும் சிங்கிக்கு உரியவை. ஏக்கமுடையவளுக்கு விடுதலை இல்லை. விடுதலை உடையவளுக்கு ஏங்க வேண்டிய தேவை இல்லை. இருவரையும் ஒரே நூலில் எதிரெதிரே அமர வைத்ததே திரிகூடராசப்பரின் தனித்திறம் எனலாம்.

மேடையும் சட்டமும்

இலக்கியத்தில் இவ்வாறு பிரிந்து நின்ற இரு பெண்களுக்கும் வாழ்வில் நேர்ந்தவை என்ன என்பதையும் வரலாறு கூறவேண்டும்.

குறவஞ்சிகளைக் கோயில்களில் ஆடியவர்கள் தேவரடியார் மரபினர். தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் சரபோசி மன்னர் (ஆட்சி 1798-1832) மீது பாடப்பட்ட சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை அம்மரபினரே ஆடினர். இறைவனை ஏங்கும் தலைவியாக மேடையில் நின்றவள், மேடைக்கு வெளியே திருமண வாழ்வு மறுக்கப்பட்டவளாக இருந்தாள். 18ஆம் நூற்றாண்டுத் தஞ்சை அரசவையில் வாழ்ந்த முத்துப்பழனி, இராதையின் காதலைத் தெலுங்கில் ராதிகா சாந்துவனமு என்னும் காவியமாகப் பாடினார். பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் அதனை முழுமையாகப் பதிப்பித்தபோது, ஆபாசம் என்று கூறி ஆங்கில அரசு தடை விதித்தது. அத்தடை 1947இல்தான் நீங்கியது. பெண்ணின் வேட்கையை ஆண் பாடினால் சிற்றின்பம் வழிப் பேரின்பம். பெண்ணே பாடினால் ஆபாசம் என்னும் இரட்டை அளவுகோலுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தேவரடியாராகப் பொட்டுக் கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணச் சட்டம் 1947இல் தடை செய்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 1944இல், ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அரங்கேற்றியிருந்தார். நூல் புதிய மேடையில் வாழ்வு பெற்றது. அதனை முன்னர் ஆடிய மகளிர் குலத்துக்கு அப்புதிய மேடையில் கிடைத்த இடம் குறைவே.

சிங்கிக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. ஆங்கில அரசு 1871இல் இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. அச்சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட சமூகங்களுள் குறவர் பிரிவினரும் இருந்தனர். ஊர் விட்டு ஊர் செல்வதே ஐயத்துக்குரிய செயலாயிற்று; பதிவும் கைரேகையும் காவல் நிலையத்தில் முகம் காட்டலும் அன்றாட வாழ்வாயின. நாடெல்லாம் சுற்றிக் குறி சொல்லிச் சிலம்பு பெற்று வந்ததைப் பெருமையோடு கூறினாள் பாட்டுக் குறத்தி. அவள் வழிவந்தோர் எங்கே சென்றாய் என்ற கேள்விக்கு அன்புள்ள சிங்கனிடம் விடை சொல்லவில்லை. காவலரிடம் விடை சொன்னார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. பள்ளி ஆண்டு விழாக்களில் குறத்தி வேடம் புனைந்து நம் பிள்ளைகள் ஆடுவதைக் கண்டு மகிழும் நாம், இவ்வரலாற்றையும் அவர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

வடிவம் பரவிய விதம்

குறவஞ்சியின் வடிவம் சமய எல்லையைக் கடந்து பரவியது. திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். அங்கே ஏங்கும் தலைவி தேவமோகினி, தலைவன் இயேசுபிரான். குறத்தியும் சிங்கனும் நூவனும் ஞான உருவகங்களாக மாறினர். ஏக்கம் எத்தெய்வத்தை நோக்கியும் திரும்பவல்லது என்பதற்கு இது சான்று. உருவகமானதும் சிங்கியின் மண்வாசனை சற்றுக் குறைந்தது என்பதும் உண்மை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே வட்டாரம் மற்றொரு பாடல் வடிவத்தைத் தந்தது. சங்கரன்கோயிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் (1861-1891), வீரகேரளம்புதூரைத் தலைநகராகக் கொண்ட ஊற்றுமலைக் குறுநில மன்னர் இருதாலய மருதப்பத் தேவரின் அவைப்புலவராக விளங்கினார். கழுகுமலை முருகன் மீது அவர் பாடிய காவடிச்சிந்து, காவடி சுமந்து நடப்பவரின் காலடித் தாளத்தையே சந்தமாகக் கொண்டது. பக்திப் பயணத்துக்குரிய அப்பாடலில் தலைவியின் இரக்கமும், தோழியைத் தூது விடுதலும், தலைவனைப் பழித்தலும் இடம்பெறுகின்றன. வசந்தவல்லி இருந்த இடத்திலிருந்தே ஏங்கினாள். காவடிச்சிந்தின் தலைவியோ, பாடுபவரின் கால்கள் வழியாக மலைக்கு நடந்து செல்கிறாள். ஏக்கம் நடையாக மாறிய விந்தை இது. முப்பது ஆண்டுகளே வாழ்ந்த ஒருவர் யாத்த சந்தங்கள், நாடக மேடைக்கும் தேசியப் பாடலுக்கும் திரையிசைக்கும் அடித்தளமாயின.

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867-1922) வள்ளி திருமணம் தென்மாவட்டக் கோயில் கொடைகளில் விடிய விடிய நடைபெற்ற நாடகம். அதில் மக்கள் காத்திருந்து கேட்பது வள்ளியின் தர்க்கத்தை. தினைப்புனத்தில் தனியே நின்று, வந்தவரோடு எதிர்வழக்காடும் குறமகளாகிய வள்ளி, சிங்கியின் உடன்பிறப்பே ஆவாள்.

பாரதியும் மலைமகளும்

எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதியார் சிந்தின் சந்தங்களுக்கிடையே வளர்ந்தவர். ஆங்கிலப் புனைவியற் கவிஞர் ஷெல்லியின் மீது கொண்ட ஈடுபாட்டால் ஷெல்லிதாசன் என்று புனைபெயரும் பூண்டவர். அவரிடத்தில் இரு நீரோட்டங்கள் கலந்தன. 1917இல் பரலி சு. நெல்லையப்பர் வெளியிட்ட கண்ணன் பாட்டில், கண்ணன் காதலனாக வருவதோடு கண்ணம்மா காதலியாகவும் வருகிறாள். ஆண் பெண்ணாகியும் பெண் ஆணாகியும் ஏங்குகின்றனர். ஏக்கம் பெண்ணுக்கே உரியது என்ற பழைய பங்கீடு அங்கே குலைந்தது.

குயில் பாட்டில் வரும் சின்னக்குயிலி சேரநாட்டு மலையில் வாழும் வேடர் தலைவன் மகள். தந்தை பேசி முடித்த மணத்துக்கும், இரக்கத்தால் தான் கொடுத்த வாக்குக்கும் அப்பால், தன் மனம் நாடிய அரசிளங்குமரனை அவள் தேர்ந்தெடுக்கிறாள். விளைவு கொலை. திரிகூடராசப்பரின் மலைமகள் சிரித்துக்கொண்டே விடை சொல்லித் தப்பினாள். பாரதியின் மலைமகள் தேர்வுரிமைக்கு விலை கொடுத்தாள். இலட்சியக் காதலும் விடுதலை வேட்கையும் ஒரே பெண்ணிடம் வந்து சேர்ந்தபோது உலகம் அவளைப் பொறுக்கவில்லை என்பதை அக்கற்பனை உணர்த்துகிறது. சிறை மீண்டபின் 1918 இறுதி முதல் 1920 வரை பாரதியார் வாழ்ந்த கடையம், இன்றைய தென்காசி மாவட்டத்திலேயே உள்ளது.

வயலில் ஒலித்தவை

ஏட்டில் ஏறிய பாடல்களையே கூறி முடித்தால் வரலாறு பாதியாகிவிடும். சிற்றாற்றுப் பாசன வயல்களில் நாற்று நட்ட மகளிரும் தெம்மாங்கு பாடினர். நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை (1917-1980) போன்றோர் தொகுத்ததனால் அத்தகைய பாடல்களில் ஒரு பகுதி நமக்குக் கிட்டியது. அவற்றில் வரும் காதலன் கடவுளல்லன், அரசனுமல்லன். கடன்பட்டவன்; கூலிக்குச் சென்றவன்; கொழும்புக்கோ மலைத்தோட்டத்துக்கோ போனவன். கொல்லம்–செங்கோட்டை–திருநெல்வேலி இருப்புப்பாதை 1904இல் நிறைவுற்றபின் மேற்கே செல்லும் வழி எளிதாயிற்று, பிரிவும் எளிதாயிற்று. இப்பாடல்களில் ஏக்கம் உண்டு, ஏசலும் உண்டு. நீ வராவிட்டால் என் வழியை நான் பார்த்துக்கொள்வேன் என்னும் தன்மானமும் உண்டு. வசந்தவல்லியின் ஏக்கமும் சிங்கியின் துணிவும் ஒரே வாயில் ஒலித்த இடம் புலவர் ஏடன்று. வயல் வரப்பே என்று துணியலாம்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் பெறப்படுவன சில. இவ்வட்டாரக் காதற்பாடல் முந்நூறு ஆண்டுகளாக ஏக்கத்தைப் போற்றியது, உரிமையை இரசித்தது. ஆனால் உரிமையை மலைக்கும் குறத்திக்கும் ஒதுக்கிவிட்டு, வீட்டுப் பெண்ணுக்கு ஏக்கத்தை மட்டும் வழங்கியது. அவ்வெல்லையைச் சிந்தும் நாடகமும் பாரதியும் சிறிது சிறிதாகத் தளர்த்தினர். வயலில் பாடிய மகளிர் அதனைப் பெரிதும் மதித்ததாகத் தெரியவில்லை.

இவ்வினா இன்றும் பழங்கதை ஆகிவிடவில்லை. காதற்பாடல் ஒலிக்காத திருமண வீடு நம் நாட்டில் இல்லை. அதே வீட்டில் மகள் தன் துணையைத் தானே தேர்ந்தால் பாட்டு நின்றுவிடுகிறது. வயது வந்த இருவர் மணந்துகொள்ள அவர்களது இசைவே போதும், குடும்பத்தின் அல்லது குலத்தின் ஒப்புதல் வேண்டுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டிலும் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. சின்னக்குயிலியின் கதை செய்தித்தாளில் வரும் நாட்டில், குறிஞ்சித்திணையின் களவொழுக்கத்தைப் பாடம் நடத்தும் ஆசிரியர்க்கு ஒரு பொறுப்பு உண்டு. வசந்தவல்லியின் வருணனையை மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாமல், சிங்கன் கேட்ட கேள்விகளையும் சிங்கி சொன்ன விடைகளையும் வகுப்பில் பேசவைக்க வேண்டும். ஐயத்தில் தொடங்கிய பேச்சு அன்பில் முடிய இயலும் என்பதை மாணவரும் மாணவியரும் ஒருங்கிருந்து கற்பதற்கு அதனினும் ஏற்ற பாடம் வேறில்லை.

இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954) திருநெல்வேலியில் தம் இல்லத்து வட்டத்தொட்டியிலும், பின்னாளில் குற்றாலத்திலும், கவிதையை வாய்விட்டுப் பாடி நுகரும் பழக்கத்தை வளர்த்தார். பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டம் அப்பழக்கத்தின் வழிவந்ததே. அடுத்த பத்தாண்டில் நாம் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. நடவு நட்ட கைகள் இவ்வட்டாரத்தில் நாளும் குறைந்து வருகின்றன. இயந்திரம் நடும் வயலில் பாட்டு எழுவதில்லை. அப்பாடல்களை நெஞ்சில் வைத்திருக்கும் மூதாட்டியர் இன்னும் சிலர் நம் ஊர்களில் உள்ளனர். சாரல் காலக் கூட்டங்களில் குறவஞ்சியைப் பாடும் நாம், அவர்களையும் அம்மேடைக்கு அழைத்து வந்து, அவர்கள் பாடக் கேட்டு, அவர்கள் பெயரோடு அப்பாடல்களைத் தொகுத்து வெளியிட வேண்டும். ஏங்கியவளின் சொல்லை அவள் வாயாலேயே கேட்கும் வாய்ப்பு இன்னும் நமக்கு இருக்கிறது, நெடுநாள் இராது.